சேதுச் சீமையில் நானக் நெறி

பரமக்குடிக்கு வடகிழக்கே, பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது நயினார்கோவில். நாகநாதர் குடிகொண்ட தலம். வாய் பேசாத மகளை அழைத்துக்கொண்டு முல்லா ஒருவர் இந்தச் சன்னிதிக்கு வந்தார், இங்கே அவளுக்குப் பேச்சு வந்தது என்பது தலக் கதை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்களில் இஸ்லாமியரும் உண்டு என்பதற்கு ஊர்க்காரர்கள் இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். வந்தவர் கும்பிடும் சாமி எது என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிற பழக்கம் சேதுச் சீமைக்கு, அதாவது ராமநாதபுரம் வட்டாரத்துக்கு, இல்லை. காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கால்நடையாக ராமேஸ்வரம் வந்தவர்களுக்கு, இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகள் வழியெங்கும் சத்திரம் கட்டிவைத்தார்கள். சாமி விஷயத்தில் இப்படி. சாதி விஷயம் வேறு; அதற்குப் பிறகு வருவோம்.

அப்படி வடக்கிலிருந்து வந்தவர்களில் குரு நானக்கும் ஒருவர் என்பது சீக்கியரின் நம்பிக்கை. 1469இல் பிறந்து 1539இல் மறைந்தவர் அவர். தென்திசைப் பயணத்தில் இலங்கைக்குப் போய்வந்தார், 1511 வாக்கில் ராமேஸ்வரத்தில் தங்கினார் என்று மரபு சொல்கிறது. அந்த நினைவில் எழுந்த குருத்வாரா ஒன்று ராமேஸ்வரத்தில் இருக்கிறது. தீர்த்தக் கிணறுகளில் நீராடிவிட்டு ஈரத் துணியோடு நடக்கும் கூட்டத்துக்கு நடுவே, தலைப்பாகை கட்டிய குடும்பங்கள் அதற்கு வழி கேட்டுக்கொண்டு போவதுண்டு.

வரலாற்றாசிரியர்கள் இதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. நானக்கின் பயணங்களை விரிவாகச் சொல்பவை ஜன்மசாக்கிகள். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து எழுத்தில் ஏறிய பக்திக் கதைகள் இவை. டபிள்யூ. எச். மக்லியாட் என்ற அறிஞர் 1968இல் வெளியிட்ட ‘குரு நானக்கும் சீக்கிய சமயமும்’ என்ற ஆங்கில நூலில் இந்தக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உறுதியானவை, நடந்திருக்கக்கூடியவை, நடந்திருக்க முடியாதவை என்று தரம் பிரித்தார். நானக் கடல் கடந்து சிவநாபன் என்ற அரசனைச் சந்தித்தார் என்ற கதை அவருடைய சல்லடையில் தேறவில்லை. சீக்கிய அறிஞர்கள் பலர் அவரைக் கடுமையாக மறுத்தார்கள். அந்த வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

உண்மையாக வாழ்வது எப்படி என்று ஆராயப் புகுந்து, உறுதிப்படாத செய்தியில் காலூன்றி நிற்பது சரியாகாது. ஆகவே மரபை மரபு என்றே வைத்துக்கொள்வோம். தீர்த்தத்தில் முங்கி எழுந்தால் மனத்தின் அழுக்குப் போய்விடாது என்று பாடியவர் நானக். அவர் எந்தத் துறையில் இறங்கினார் என்ற தகராறைவிட, அவர் வைத்த சோதனை இந்தச் சீமையின் வாழ்க்கைக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை.

நானக்கின் இளமையைப் பற்றி ஆய்வாளர்களும் ஏற்கும் செய்தி ஒன்று உண்டு. பஞ்சாபின் சுல்தான்பூரில் தௌலத் கான் லோடியிடம் அவர் வேலை பார்த்தார். தானியப் பண்டசாலையின் பொறுப்பு அவரிடம் இருந்தது என்கிறது மரபு. அந்தக் காலத்தில் வரியின் பெரும்பகுதி தானியமாக வந்து சேரும். அதை நிறுத்து வாங்கி, நிறுத்து இருப்பு வைத்து, நிறுத்து வெளியே கொடுக்க வேண்டும். தராசு கையில் இருப்பவனுக்கு வழிகள் நிறைய. வாங்கும்போது ஒரு எடை, கொடுக்கும்போது ஒரு எடை என்று வைத்துக்கொள்ளலாம். சிந்தியது, எலி தின்றது என்று கணக்கெழுதலாம். நம் ரேஷன் கடை வரிசையில் நின்று, தட்டு அடங்குவதற்குள் சர்க்கரைப் பொட்டலம் கைக்கு வந்துவிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நானக் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்துப் பண்டசாலையைக் காலி செய்கிறார் என்று நவாப் தௌலத் கானிடம் புகார் போனது. இருப்பை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். குறையவில்லை. கதையைச் சொல்பவர்கள் இதை அற்புதமாகச் சொல்வார்கள். அற்புதமாக எடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. தன் பங்கிலிருந்து கொடுத்தவன் கணக்கில் இருப்பு குறையாது. ஆற்றில் மூழ்கி எழுந்தபோதுதான் நானக்குக்கு ஞானம் வந்தது என்று சொல்லும் அதே மரபு, அதற்கு முன்பே அவர் கையில் தராசு நேராக நின்றது என்பதையும் சொல்லாமல் விடுவதில்லை. அந்த வரிசை முறை தற்செயலானதாகத் தெரியவில்லை.

சீக்கிய நெறியின் மையத்தில் இருக்கும் கருத்தை நானக் ஒரு பாடலில் சுருக்கி வைத்திருக்கிறார். உண்மை எல்லாவற்றுக்கும் மேலானது, ஆனால் உண்மையாக நடந்துகொள்வது அதற்கும் மேலானது என்பது அதன் சாரம். சீக்கியர்கள் விடியற்காலையில் ஓதும் ஜப்ஜியின் தொடக்கத்திலேயே ஒரு கேள்வியை எழுப்புகிறார் அவர். மனிதன் எப்படி உண்மையானவன் ஆவது? நடுவே நிற்கும் பொய்ச் சுவர் எப்படி உடையும்? எது பயன்படாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறார். லட்சம் முறை குளித்தாலும் ஆகாது, வாயை மூடி மௌனம் காத்தாலும் ஆகாது, பட்டினி கிடந்தாலும் ஆகாது, கெட்டிக்காரத்தனம் எவ்வளவு இருந்தாலும் கூட வராது. இறைவனின் ஆணையோடு, சீக்கியர் ‘ஹுக்கம்’ என்று சொல்லும் ஒழுங்கோடு, இசைந்து நடப்பதே வழி. அதற்குத் தடையாக நிற்பது ‘நான்’ என்ற முனைப்பு. பொய் அங்கிருந்துதான் ஊறுகிறது என்பது அவர் கணிப்பு.

இதுவரைக்கும் கேட்டால் நம் ஊர் வேதாந்தமும் சைவமும் பேசாததா என்று தோன்றும். பேசியிருக்கிறார்கள். நானக் வேறுபடுவது அடுத்த அடியில். இசைந்து நடப்பது எங்கே தெரியும் என்ற கேள்விக்கு அவர் குகையையும் காட்டவில்லை, காட்டையும் காட்டவில்லை. நீ சம்பாதித்த சோற்றைக் காட்டு என்கிறார். வியர்வை சிந்தி உண்டு, அதில் கொஞ்சம் பிறருக்கும் எடுத்துக் கொடுப்பவனே வழியை அறிந்தவன் என்பது அவருடைய மற்றொரு பாடலின் கருத்து. பின்னாளில் இது மூன்று கடமைகளாகச் சீக்கியர் வாயில் நிலைத்தது: கிரத் கரோ, நாம் ஜபோ, வண்ட் சக்கோ. நேர்மையாக உழை, நாமத்தை நினை, பகிர்ந்து உண்.

பிறர் உரிமையைப் பறித்து உண்பது முஸ்லிமுக்குப் பன்றியும் இந்துவுக்குப் பசுவும் போல விலக்கானது என்ற பொருளிலும் அவர் பாடியிருக்கிறார். எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று இரண்டு சமூகங்களும் சண்டையிட்ட காலத்தில், அந்த உணவு எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்று கேட்டுவிட்டார். சங்கடமான கேள்வி. ஐந்நூறு ஆண்டு கடந்தும் அதன் சங்கடம் குறையவில்லை.

சீக்கியக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. சய்யித்பூர் என்ற ஊரில் லாலோ என்ற ஏழைத் தச்சர் வீட்டில் நானக் தங்கினார். அதே ஊரில் மாலிக் பாகோ என்ற பெரிய அதிகாரி விருந்து வைத்து அழைத்தார். நானக் போகவில்லை. வற்புறுத்தி வரவழைத்துக் காரணம் கேட்டபோது, லாலோவின் காய்ந்த ரொட்டியை ஒரு கையிலும் பாகோவின் நெய்ப் பலகாரத்தை மறு கையிலும் எடுத்துப் பிழிந்தார். முதலாவதில் பால் சொட்டியது, இரண்டாவதில் இரத்தம். மக்லியாடின் சல்லடையில் இதுவும் தங்காது. ஆனால் சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லும் கதை இது. பாகோ பொய் பேசினார் என்று கதை எங்கும் குற்றம் சாட்டவில்லை. அவர் தானம் செய்யாதவரும் அல்ல. அன்றைக்கே ஊருக்குச் சோறு போட்டவர். அவருடைய பொய் அந்தச் சோற்றுக்குள் இருந்தது.

திருக்குறளில் வாய்மை ஓர் அதிகாரம், ஒப்புரவறிதல் ஓர் அதிகாரம், உழவு ஓர் அதிகாரம். வாய்மை அதிகாரம் பெரும்பாலும் சொல்லையும் நெஞ்சையும் பற்றிப் பேசுகிறது; உழவு நெடுந்தொலைவு தள்ளிப் பொருட்பாலின் கடைசிப் பகுதியில் வருகிறது. வள்ளுவர் தனித்தனியாக வைத்த இந்த மூன்றையும் நானக் ஒரே கயிற்றில் கட்டினார். நேர்மையாகச் சம்பாதிக்காதவன் பேசும் உண்மையும் கணக்கில் சேராது, பகிராதவனின் உழைப்பும் பாதிதான் என்று ஆக்கிவிட்டார். இதில் யார் உயர்வு என்ற பட்டிமன்றம் வேண்டாம். தமிழ் வாசகருக்கு நானக் எங்கே பழக்கமானவர், எங்கே புதியவர் என்று அடையாளம் காண இது உதவும்.

சொன்னபடி அவர் நடந்தாரா? பயணங்களுக்குப் பிறகு ராவி ஆற்றங்கரையில் கர்தார்பூர் என்ற குடியிருப்பை அமைத்து, வாழ்வின் கடைசிக் காலத்தை அங்கே உழுது பயிர் செய்து கழித்தார். மனைவியும் இரண்டு மகன்களும் உள்ள குடும்பஸ்தர். வீட்டைத் துறந்துவிட்டு வீடு வீடாகப் பிச்சைக்கு வந்து நிற்கும் யோகிகளைப் பாட்டிலேயே கேலி செய்தவர். தமக்குப் பின் குருவாக மகன்களை அமர்த்தாமல், லெஹ்ணா என்ற சீடரை அங்கத் என்று பெயரிட்டு அமர்த்தினார். மூத்த மகன் ஸ்ரீசந்த் துறவு வழியில் போனவர். வாரிசு அரசியல் ஊறிய நாட்டில் இதைத் தனியே குறித்து வைக்கலாம்.

இப்போது சேதுச் சீமைக்குத் திரும்பலாம். பரமக்குடியைத் தாண்டித் தென்மேற்கே போனால் கமுதி. அதன் பக்கத்தில் வல்லந்தை. வானம் பார்த்த பூமி. ஆண்டுக்குச் சராசரியாக எண்ணூறு மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் மிளகாய், அதுவும் இல்லாவிட்டால் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ பஸ் ஏற வேண்டும். ஆள் போன நிலத்தில் சீமைக் கருவேலம் ஏறிவிடும். அதையும் விடாமல் வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் புகைய விட்டுக் கரியாக்கி மூட்டை கட்டி விற்பார்கள். கரிமூட்டம் போட்டே பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். மூட்டத்தில் ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் விறகு முழுதும் சாம்பலாகிவிடும் என்பதால் இரவிலும் ஓர் ஆள் பக்கத்திலேயே கிடந்து, பிளந்த இடத்தை மண் அப்பி மூடிக்கொண்டிருக்க வேண்டும். கிரத் என்று நானக் சொன்ன உழைப்புக்கு இந்தச் சீமை பஞ்சாபைப் பார்த்துக் கற்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

பஞ்சாப் விவசாயிகள் சிலர் 2007 வாக்கில் வல்லந்தைக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் வேண்டாம் என்று விட்ட, சீமைக் கருவேலம் மண்டிய நிலத்தில் சுமார் 300 ஏக்கரை வாங்கினார்கள். பஞ்சாபில் ஒரு துண்டு நிலம் வாங்கும் காசுக்கு இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வாங்க முடிந்தது. இந்த மண்ணில் என்ன விளையும் என்று சுற்றுவட்டாரம் வேடிக்கை பார்த்தது. கருவேலத்தை மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் தழைக்கும். தூரோடு பிடுங்கியாக வேண்டும். பிடுங்கினார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டுச் சொட்டுநீர்க் குழாய் இழுத்தார்கள். மா, கொய்யா, நெல்லி, தென்னை என்று வைத்தார்கள். அகால் பண்ணை என்ற பெயரில் அது இன்று பல நூறு ஏக்கர் தோப்பாக நிற்கிறது. வேலைக்கு வருகிறவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். முண்டாசு கட்டிய முதலாளியைப் பார்க்க ஆரம்பத்தில் கூட்டம் கூடியது, பிறகு பழகிவிட்டது.

பத்திரிகைகள் இதைப் பாலைவனத்தைச் சோலையாக்கிய அதிசயம் என்று எழுதின. அதிசயம் என்றால் உள்ளூர் விவசாயி சோம்பேறி என்ற பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அது நியாயமல்ல. முந்நூறு ஏக்கரை ஒரே வீச்சில் வாங்கிச் சீர்படுத்தி, மரம் காய்க்கும்வரை நான்கைந்து ஆண்டுகள் கைக்காசைப் போட்டுத் தாக்குப்பிடிக்க முதல் வேண்டும். இரண்டு ஏக்கர் மிளகாய்க்காரரிடம் அது இல்லை. வந்தவர்களிடம் பாராட்டத்தக்கது வேறொன்று. மலிவாகக் கிடைத்த நிலத்தை வேலி போட்டு விலை ஏறும்வரை வைத்திருந்து விற்பதுதான் நம் ஊரில் பலருக்குத் தெரிந்த கணக்கு. இவர்கள் வாங்கிய நிலத்தில் குடியேறி உழுதார்கள். கர்தார்பூரில் நானக் செய்ததும் ஏறத்தாழ அதுதான்.

உழவில் மட்டும் கிரத் முடிந்துவிடுவதில்லை. தராசும் அதில் சேர்த்தி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் நயினார்கோவில் வட்டாரக் காடுகளிலும் விளைகிறது. பங்குனி வெயிலில் பழம் பறித்து, களத்தில் பரப்பிக் காயவைத்து, வத்தலாக்கி, மூட்டை கட்டி எடுத்துப்போனால், எடைபோடும் இடத்தில் கமிஷன், சாக்கு எடை, ஈரத்துக்குக் கழிவு, மாதிரிக்கு ஒரு கை என்று ஒவ்வொன்றாகப் போகும். விற்பவர்களிலும் எல்லோரும் உத்தமர்கள் அல்ல. எடை கூட்டத் தண்ணீர் தெளித்துக் கட்டுகிறவரும் உண்டு. சுல்தான்பூர் பண்டசாலையின் கதை இங்கே பழங்கதையாக இல்லை. சீக்கிய நெறி மனிதனைச் சோதிப்பது இந்த இடத்தில்தான்: யாருக்கும் பொய் என்றே தோன்றாத, ‘இதெல்லாம் சகஜம்தானே’ என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட சின்னக் கழிவில்.

அடுத்தது பகிர்வு. இதற்கும் நயினார்கோவிலிலிருந்து நெடுந்தூரம் போக வேண்டாம். மேற்கே பக்கத்து ஊர் இளையான்குடி; அறுபத்துமூவரில் ஒருவரான மாறனார் ஊர். செல்வம் கரைந்து வறுமைப்பட்ட நாளில், மழை இரவில் சிவனடியார் ஒருவர் வந்துவிட, அன்று பகலில் விதைத்த நெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வந்து, கூரையின் கழியைப் பிடுங்கி அடுப்பெரித்துச் சோறாக்கினார் என்பது பெரியபுராணக் கதை. விதைநெல்லைக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்தச் சீமை விவசாயிக்குத் தெரியும். ஆனால் மாறனார் வரலாறு ஒரு தனி மனிதரின் எல்லையற்ற அன்பு. அவரைப் போல எல்லோரும் இருக்க முடியாது. சீக்கியர்கள் இதையே ஏற்பாடாக மாற்றினார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு பொதுக் காரியத்துக்கு என்று வைத்தார்கள். லங்கர் என்ற பொதுச் சமையல்கூடத்தை வழிபாட்டின் உறுப்பாக்கினார்கள். மூன்றாவது குருவான அமர்தாஸ், தம்மைக் காண வருகிறவர் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விதித்தார்.

சென்னை தியாகராய நகர் கோபதி நாராயணசாமி செட்டி சாலையில் உள்ள குருத்வாராவுக்குப் போகிறவர்கள் இதைப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தரையில் வரிசையாக உட்கார வேண்டும். கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவரும், வாசலில் வண்டி துடைக்கிறவரும் தோளோடு தோள் உட்காருவார்கள். ரொட்டி தட்டில் வந்து விழாது. இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். யாருக்கும் அதிலே விலக்கு கிடையாது. சாப்பிட்டு எழுந்தவர் போய்ப் பாத்திரம் கழுவுவோரோடு சேர்ந்துகொள்ளலாம். நம் ஊர் அன்னதானத்தில் போடுகிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம் என்று இரண்டு வரிசை உண்டு. லங்கரில் அந்தக் கோடு தேய்ந்துபோயிருக்கும்.

அந்தக் கோடு எவ்வளவு பெரிய விவகாரம் என்பதை 1924ஆம் ஆண்டு காட்டியது. வைக்கம் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டத்துக்கு உதவ, பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து அங்கே இலவசச் சமையல்கூடம் திறந்தார்கள். கோதுமை மூட்டையோடு வந்தவர்களைப் போராட்டக்காரர்கள் வரவேற்றார்கள். காந்தி ஏற்கவில்லை. இது இந்துக்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், உள்ளூர்க்காரர்கள் வெளியார் சோற்றை எதிர்பார்ப்பது சுயமரியாதைக்கு இழுக்கு என்று எழுதினார். சமையல்கூடம் மூடப்பட்டது. அவர் வாதத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் சேர்ந்து உண்பதே அங்கே போராட்டத்தின் பாதி என்பதை அது விட்டுவிட்டது. அதே காலகட்டத்தில் தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுலத்தில், காங்கிரசின் பணமும் பெற்று வ.வே.சு. ஐயர் நடத்திய தேசியப் பள்ளியில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போடப்பட்ட விவகாரம் வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை விடவில்லை. தேசம் ஒன்று என்று மேடையில் பேசிவிட்டுப் பந்தியில் இரண்டாக உட்காரும் பொய்யைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அமர்தாஸ் அதற்கு மூன்றரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே பந்தியை வாசலில் வைத்ததன் காரணம் இதுதான்.

சாதிக்கு வருவோம் என்று தொடக்கத்தில் சொன்னது பாக்கி இருக்கிறது. நயினார்கோவிலுக்குச் சந்தையும் பேருந்தும் பரமக்குடிதான். 1957 செப்டம்பர் 11 அன்று தலித் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டது அங்கேதான். அதை அடுத்து முதுகுளத்தூர் வட்டாரம் முழுக்கக் கலவரம் பரவியது. தனிக் குவளையும் தனிக் குளமும் பக்கத்து ஊர்க் கதை அல்ல இந்த மாவட்டத்துக்கு. முல்லாவின் மகளுக்குப் பேச்சுக் கொடுத்த சாமியின் சீமையில் இத்தனையும் நடந்தது.

சீக்கியத்தின் பக்கம் தமிழ்நாட்டுத் தலித்துகளில் சிலர் திரும்பிப் பார்த்ததற்கு இந்தப் பின்னணி உண்டு. அம்பேத்கரே 1935இல் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த பிறகு சீக்கியத்தைத் தீவிரமாக எண்ணிப்பார்த்தவர். 1936 ஏப்ரலில் அமிர்தசரசில் நடந்த சீக்கிய மாநாட்டுக்குப் போனார். இருபது ஆண்டு கழித்துப் பௌத்தத்தைத் தேர்ந்தெடுத்தார். 2020–21இல் டெல்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டமும், அங்கே எரிந்த லங்கர் அடுப்புகளும் தென்மாவட்டத்தில் சிலரை ஈர்த்தன. தூத்துக்குடியைச் சேர்ந்த உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் ஜீவன் சிங் தலைமையிலான பகுஜன் திராவிடக் கட்சி, 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகை கட்டிய தமிழ் வேட்பாளர்கள் ஏழு பேரை நிறுத்தியது. எண்ணிக்கையில் இது சிறு துளி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் இருந்த சீக்கியர் 14,601 பேர். பெரும்பாலோர் தொழிலுக்காக வந்த வட இந்தியக் குடும்பத்தார். தமிழ்ச் சீக்கியர் என்போர் அதற்குள் ஒரு மூலை. சட்டத்தில் ஒரு வசதியும் உண்டு: கிறித்தவத்துக்கோ இஸ்லாமுக்கோ மாறும் தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி போய்விடும், 1956 திருத்தத்தின்படி சீக்கியருக்குப் போகாது. இதைச் சொல்லி அவர்களைக் கொச்சைப்படுத்துகிறவர்கள் உண்டு. உரிமையை இழக்காமல் மதிப்பைத் தேடுவதில் குற்றம் காண்பவர்கள், அந்த உரிமை ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தமிழ்ச் சீக்கியரை ஈர்த்த நெறியின் நூலுக்குள்ளேயே அதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தாவது குரு அர்ஜன் 1604இல் தொகுத்த கிரந்தத்தில் குருமார்களின் பாடல்களோடு, நெசவாளர் கபீரும், தோல் தொழிலாளர் ரவிதாசும், தையல்காரர் நாமதேவும், நாவிதர் சைனும், சூஃபி ஞானி ஃபரீதும் இடம்பெற்றிருக்கிறார்கள். அந்த நூலின் முன்தான் இன்று ஒவ்வொரு சீக்கியரும் நெற்றி தரையில் படப் பணிகிறார். தோல் தொழிலாளியின் பாட்டுக்கு முன்னால் தலைசாய்க்காமல் யாரும் அங்கே நல்ல சீக்கியராக முடியாது.

ஆனால் கிரந்தம் இருக்கும் ஊர்களிலேயே நிலைமை என்ன? பஞ்சாபின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களில் இதுதான் மிக அதிக விகிதம். அவர்கள் கையில் இருக்கும் விளைநிலமோ மிகச் சொற்பம். பல ஊர்களில் பட்டியல் சாதியினரான மஜ்பி சீக்கியருக்கும் ரவிதாசியருக்கும் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு. 1961ஆம் ஆண்டின் கிராமப் பொதுநிலச் சட்டப்படி ஊராட்சிப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விட வேண்டும். பினாமி ஆளை ஏலத்தில் நிறுத்தி அந்த நிலத்தையும் பெருவிவசாயிகளே உழுதுகொண்டார்கள். நம் ஊரில் தலித்துகளுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிய கதைக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே வித்தியாசம். சங்ரூர் மாவட்டத்தில் பத்தாண்டுக்கும் மேலாகத் தலித்துகள் அமைப்பாகத் திரண்டு, அந்த மூன்றில் ஒரு பங்கைக் கேட்டுப் போராடி வருகிறார்கள். சில ஊர்களில் வாங்கியும் விட்டார்கள். கூட்டாகப் பயிர் செய்கிறார்கள். சில ஊர்களில் அடி வாங்கினார்கள், ஊர்க்கட்டுப்பாட்டுக்கு ஆளானார்கள். இரண்டு தரப்பிலும் தலைப்பாகை, இரண்டு வீட்டிலும் விடியற்காலையில் அதே ஜப்ஜி. பிறர் உரிமையை உண்பது விலக்கு என்ற நானக்கின் பாட்டு யாருக்குச் சொல்லப்பட்டது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கிறார்களா என்பதில்தான் இழுபறி. தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பொற்கோயிலைப் பார்க்கப் புறப்படும் புதிய தமிழ்ச் சீக்கியர்கள், அமிர்தசரசிலிருந்து திரும்பும் வழியில் சங்ரூரில் ஒரு நாள் இறங்கி, அந்தக் கூட்டுப் பண்ணைக்காரர்களோடும் பேசிவிட்டு வரலாம்.